வெயிலில் மாடு செத்தால் காப்புறுதிக் காசு வருமா?

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: வங்கிக் கடனில் இரண்டு ஜேர்சிக் கலப்புப் பசுக்கள் வாங்கினேன். ஆடி வெயிலில் இரண்டும் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. வெயிலில் செத்தால் காப்புறுதியில் காசு தருவார்களா?

காப்புறுதிப் பத்திரத்தில் ‘வெயில்’ என்ற சொல் அநேகமாக இருக்காது. நோய், விபத்து, இயற்கை அனர்த்தம் என்றுதான் வழக்கமாக எழுதியிருப்பார்கள். வெயில் இதில் எதற்குள் அடங்கும் என்பதை மாடு செத்த பிறகு அவர்கள் தீர்மானிக்க விடாதீர்கள். கையெழுத்துப் போடுமுன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நெல்லுக்குக் காப்புறுதி செய்யும் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை கால்நடைக்கும் செய்கிறது. தனியார் கம்பனிகளும் உண்டு. எங்கே போனாலும் இதே கேள்விதான்.

சரி, அடங்கும் என்றே வைப்போம். அதை நிரூபிப்பது எப்படி? இங்கேதான் பலர் தோற்கிறார்கள். எங்கள் வெயிலில் செத்த மாடு சில மணி நேரத்திலேயே ஊதிவிடும். அதற்குப் பிறகு வெட்டிப் பார்க்கும் வைத்தியரால் சூட்டினால் செத்ததா, வேறு நோயா என்று உறுதியாக எழுத முடியாது. ஆகவே உயிரோடு இருக்கும்போதே சாட்சி வேண்டும். பசுவின் உடற்சூடு சாதாரணமாக 38.5 பாகை அளவில் இருக்கும். மூச்சு வாங்கி எச்சில் வடியும்போதே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். 41 பாகை என்று அவர் திகதி போட்டு எழுதித் தரும் துண்டுதான் பிறகு உங்களுக்காகப் பேசும். செத்துவிட்டால் அவர் வந்து பார்க்கும்வரை புதைக்க வேண்டாம். காதில் உள்ள இலக்கத் தோடு தெரியப் படம் எடுங்கள்.

இன்னொரு பொறி, கவனக்குறைவு. மத்தியானம் வெட்டவெளியில் கயிற்றில் கட்டியிருந்தால் கம்பனிக்கு மறுக்க ஒரு சாட்டு கிடைத்துவிடும். தகரக் கூரையும் அடுப்புப் போலத்தான். மேலே கிடுகு போடுங்கள். பால் கறக்கும் கலப்புப் பசு வெயில் நாளில் 60 லீற்றருக்கு மேலும் தண்ணீர் குடிக்கும். காலையும் மாலையும் வாளியில் வைப்பது காணாது.

காப்புறுதித் தொகையை மாடு வாங்கிய விலைக்குப் போடலாம். கூட்டிப் போட்டால் கட்டணம்தான் ஏறும். நட்டஈடு பெரும்பாலும் சந்தை விலையைத் தாண்டாது. வெயிலில் பால் குறைந்த நட்டத்தைச் சாவுக்கான காப்புறுதி தராது, அதை எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கு கிழக்கில் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. வெயிலைப் பற்றிக் கேட்கும்போதே மாரிக் குளிரில் செத்தால் என்ன என்பதையும் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.