காய்ந்த சாலையில் நன்றாகப் பிடிக்கும் டயர் மழையிலும் பிடிக்கும்தானே?

கேள்வி கேட்டவர் தன் டர்போ காருக்கு நான்கு ஸ்போர்ட்ஸ் டயர் வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டு, "பிடிக்கும்தானே?" என்று முடித்திருக்கிறார். அந்தத் "தானே"தான் என்னை எழுதவைத்தது. 2022 ஜூன் வரைக்கும் நானும் அதே "தானே"யை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். கார் யாரிடமிருந்தோ வாங்கிய பழைய ஐரோப்பியக் கார். அதில் வந்த டயர் வளைவில் கிரீச்சிடுகிறது. கடைக்காரர் சொன்ன விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தவறாக இருந்தால் மன்னிக்கவும். எனக்கு இந்த மூன்றும் பொருந்தியது.

நான் டயர் நிபுணன் அல்ல. கோவையில் பம்பு உதிரிபாகங்கள் கடைகிற சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். டயர் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் இந்தத் தளத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், திருத்தினால் ஏற்றுக்கொள்வேன். ஆனால் கீழே வரும் அளவுகள் என் கையால் வெர்னியர் வைத்து எடுத்தவை. அவற்றில் கை வைக்காதீர்கள்.

2019இல் என் ஸ்கோடா ஆக்டேவியா காரின் 205/55 ஆர்16 அளவு டயர்களைக் கழற்றிவிட்டு, அவற்றைவிட அகலமான 225/45 ஆர்17 போட்டேன். விட்டத்தில் இரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூட வராது, அதனால் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. அமெரிக்க முறைப்படி டயரின் பக்கச்சுவரில் தேய்மானத்துக்கு ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். குடும்பக் கார் டயரில் அது 400, 500 என்று இருக்கும். நான் வாங்கியதில் 200. எண் குறையக் குறைய ரப்பர் சீக்கிரம் தேயும். பெரும்பாலும் மிருதுவாகவும் இருக்கும். அந்த எண்ணைத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்கிறார் என்பதால் இரண்டு கம்பெனி டயர்களின் எண்ணை வைத்துச் சண்டை போடுவது வீண்.

அதைப் போட்டுக்கொண்டு செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத்தடத்துக்குப் போனேன். 2.1 கிலோமீட்டர் சுற்று. உள்ளூரிலேயே பந்தயக் கார் கட்டிய கரிவரதனின் பெயரைத் தாங்கியது. மே மாத வெயில். முதல் சுற்றில் டயர் முரண்டு பிடித்தது, ரப்பர் இன்னும் சூடாகவில்லை. மூன்றாவது சுற்றில் கார் தரையில் ஆணி அடித்ததுபோல் ஆகிவிட்டது. பழைய டயரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே நுழைந்த வளைவில் இப்போது காலை லேசாக எடுத்தாலே போதுமாக இருந்தது. சுற்றுக்கு இரண்டு வினாடி குறைந்தது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு டயர்மேல் உள்ளங்கையை வைத்தேன். பதம் வந்த வெல்லப்பாகுபோல் ஒட்டியது. ஓரத்து மண்ணிலிருந்த பொடிக்கற்கள் டயரைச் சுற்றி, எள்ளுருண்டையில் எள்போல் பதிந்திருந்தன.

காரணம் எளிமையானதுதான். காய்ந்த சாலையில் டயரின் மேற்பரப்பில் வெட்டியிருக்கும் பள்ளமே தேவையில்லை. ஒவ்வொரு பள்ளமும் தரையைத் தொடவேண்டிய ரப்பரில் ஒரு பங்கைத் திருடிக்கொள்கிறது. பள்ளம் ஆழமாக இருந்தால் நடுவே நிற்கிற ரப்பர்க் கட்டைகளும் உயரமாக இருக்கும்; வளைவில் அவை நெளியும், அந்த நெளிவு ஸ்டியரிங்கில் சோம்பலாகத் தெரியும். அதனால்தான் பந்தயக் காரின் வெயில் டயர் வழுவழுவென்று இருக்கிறது. என் டயர் முழு வழுவழுப்பு அல்ல. ஆனால் தோள்பட்டைப் பகுதி, அதாவது டயரின் இரண்டு ஓரங்களும், அகலமாக, ஏறக்குறைய கோடே இல்லாமல் இருந்தது. சாலையில் ஓட்டச் சட்டம் அனுமதிக்கிற அளவுக்குப் பள்ளம் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இனிமேல்தான் நான் ஏமாந்த கதை. கோவையில் இருப்பவர்களுக்குத் தெரியும், தென்மேற்குப் பருவமழை எங்களுக்கு மழையாக வராது. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றும் சாரலுமாக வரும். சாலை நனையும், ஓடாது. மூன்று வருடம் அந்தச் சாரலில் இந்த டயர்களோடு ஓட்டினேன். ஒருமுறைகூடச் சறுக்கவில்லை. சறுக்காதது ஏன் என்று பிறகுதான் விளங்கியது. வெறும் ஈரத்தில் வேலை செய்வது ரப்பரின் கலவை. மிருதுவான ரப்பர் ஜல்லியின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். 1992இல் மிஷெலின் கொண்டுவந்த சிலிக்காக் கலவைக்குப் பிறகு ஈரப்பிடிப்பு இன்னும் எவ்வளவோ மேம்பட்டுவிட்டது. ஆனால் தேங்கி நிற்கிற நீரில் கலவை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை. ரப்பர் முதலில் தரையைத் தொட்டாக வேண்டும். நடுவே நிற்கிற நீரை வெளியே தள்ள வழி வேண்டும், அந்த வழிதான் பள்ளம். "மழை" என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். டயருக்கு அது இரண்டு வேறு தேர்வுகள். நான் ஒன்றில் பாஸ் ஆனதை வைத்து இரண்டிலும் பாஸ் என்று எண்ணிக்கொண்டேன்.

2022 தொடக்கத்தில் முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. முன்சக்கர இழுவைக் கார், அப்படித்தான் தேயும். அதே டயரை மறுபடி வாங்கலாம் என்று பார்த்தால் கிடைக்கவில்லை. 2020 ஜூனில் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்த பிறகு என்னைப்போல் விநோதமான டயர் தேடுகிறவர்கள் பட்ட பாடு தனிக்கதை. கடைசியில் வேறு வகையில், அகலமான நீர்ப்பள்ளம் உள்ளதாக இரண்டு மட்டும் வாங்கினேன். பின்னால் இருந்த இரண்டில் இன்னும் மூன்று மில்லிமீட்டர் இருந்ததே, எதற்குத் தூக்கிப் போடவேண்டும்? காசு என்ன மரத்திலா காய்க்கிறது?

கடைக்காரர் சொன்னார்: "இழுப்பது முன் சக்கரம், திருப்புவது முன் சக்கரம், பிரேக் அதிகம் பிடிப்பதும் முன் சக்கரம். புதியது முன்னால்தான் போகவேண்டும் சார்." கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். இயந்திரத்தோடு இருபத்தைந்து வருடம் குப்பை கொட்டுகிற நானே தலையாட்டினேன்.

ஜூனில் திருச்சூரில் ஒரு திருமணம். என் மனைவியின் அண்ணன் முன் இருக்கையில், மனைவியும் மகளும் பின்னால். பாலக்காடு தாண்டியதும் மழை பிடித்தது. வடக்கஞ்சேரி வரைக்கும் எழுபதில் போனேன், ஒன்றும் இல்லை. குதிரான் மலைச் சுரங்கச் சாலைக்குள் மழைச் சத்தம் திடீரென்று நின்றது, மனம் லேசாகிவிட்டது, வேகம் தொண்ணூறுக்கு ஏறியது. வெளியே வந்தால் வானம் ஊற்றிக்கொண்டிருந்தது. பட்டிக்காடு பக்கம் சாலை மெல்ல இடப்புறம் வளைகிற ஓர் இடத்தில் நீர் தகடாக நின்றது. முன் சக்கரங்கள் அதைக் கத்திபோல் வெட்டிக்கொண்டு போயின. ஸ்டியரிங் கெட்டியாகவே இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஸ்டியரிங் எனக்கு எந்த எச்சரிக்கையும் தரவில்லை. அடுத்த கணம் என் இருக்கைக்கு அடியில் யாரோ காரின் பின்பகுதியை எடுத்துக்கொண்டு போனதுபோல் இருந்தது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினேன், போதவில்லை. அரை வட்டம் சுற்றி, பின் சக்கரம் ஒன்று ஓரக் கல்லில் மோதி, வந்த திசையைப் பார்த்து நின்றோம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வைப்பர் மட்டும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் தூரத்திலேயே நிறுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுக் காத்திருந்தார். அந்த மனிதரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

கார் கோவைக்கு வந்ததும் முதல் வேலையாக வெர்னியரின் வாலைப் பள்ளத்தில் விட்டு அளந்தேன். முன்னால் 7.3 மில்லிமீட்டர். பின்னால் வெளிப்பள்ளம் 3.1, உள்பள்ளம் 2.8. சட்டம் கேட்பது 1.6தான். ஆக, நான் சட்டப்படி சரியாகத்தான் ஓட்டினேன், சட்டப்படி சரியாகத்தான் சுற்றினேன்.

பின்னால் பள்ளம் குறைந்து, முன்னால் நிறைந்திருந்தால் முன் டயர் கடந்துவிடுகிற நீரில் பின் டயர் தரையைத் தொடாமல் மிதக்கும், கார் சுற்றப் பார்க்கும். அதைச் சமாளிக்கச் சாலையில் ஓட்டுகிற நம்மில் பெரும்பாலானோருக்குக் கை வராது. மாறாக முன் டயர் முதலில் மிதந்தால் ஸ்டியரிங் பஞ்சுபோல் ஆகும், கார் நேராகப் போகப் பார்க்கும், காலை எடுத்தால் திரும்பப் பிடிக்கும். பயமாக இருக்கும், ஆனால் முன்கூட்டியே தெரிந்துவிடும். அதனால்தான் இரண்டே டயர் வாங்கினால் இழுவை எந்தச் சக்கரத்தில் இருந்தாலும் புதியதைப் பின்னால் போடச் சொல்கிறார்கள். டயர் கம்பெனிகளே இதைத்தான் சொல்கின்றன. கடைகளில் மட்டும் இது இன்னும் போய்ச் சேரவில்லை.

"தொண்ணூறில் ஏன் போனாய்?" என்று கேட்கப்போகிறீர்கள். கேளுங்கள், தவறுதான். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்துக் கண்ட சூத்திரம்: பிஎஸ்ஐ அளவில் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால் டயர் முழுதாக மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று வரும். 32 காற்றுக்கு அது மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர், 25 காற்றுக்கு 83. நீரின் ஆழம் பள்ளத்தைத் தாண்டும்போதுதான் இது பொருந்தும், காருக்குத் தோராயம்தான். என் பின் டயரில் மூன்று மில்லிமீட்டர் பள்ளம், சாலையில் அதைவிட அதிக நீர். மீதியை நீங்களே போட்டுக்கொள்ளலாம். "கார் சறுக்கும்போது தானாக அடக்கப் பார்க்கிற ஈஎஸ்பி என்ன செய்தது?" என்று அடுத்தவர் கேட்பார். விளக்கு மினுக்கியது, வேலையும் செய்திருக்கும். முழு வட்டம் அரை வட்டமாகக் குறைந்தது அதனால்தானோ என்னவோ.

எனக்கு இந்த விஷயத்தில் ஆறுதல் தந்தவர் ஃபார்முலா ஒன் பந்தய ஓட்டுநர் டிமோ குளோக். 2008 நவம்பர் 2, பிரேசில் கிராண்ட் ப்ரீ. கடைசிச் சுற்றுகளில் மழை பிடிக்க, முன்னணியில் இருந்த மற்றவர்கள் மழை டயருக்கு மாறினார்கள். குளோக் காய்ந்த சாலை டயரோடு தாக்குப்பிடிக்கப் பார்த்தார். கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில் லூயிஸ் ஹாமில்டன் அவரைத் தாண்டி, 98க்கு 97 என்று ஒரே புள்ளியில் போட்டியாளர் ஃபெலிப்பே மாஸாவிடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்தார். குளோக் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார் என்று எத்தனை பேர் ஏசினார்கள்! காருக்குள் எடுத்த காட்சியைப் பாருங்கள். அந்த மனிதர் காரைச் சாலையில் நிறுத்திவைக்கவே போராடிக்கொண்டிருக்கிறார். உலகத்தின் தலைசிறந்த ஓட்டுநர்களில் ஒருவர், தவறான டயரில்.

என் மச்சானுக்கு இதையெல்லாம் விளக்க முடியாது. இன்றுவரை எந்த விசேஷத்துக்குப் போனாலும், "மாப்பிள்ளை எங்களை வைத்துப் பந்தயம் ஓட்டினார்" என்று தொடங்கிவிடுவார். அவருடைய வண்டியின் பக்கச்சுவரில் இருக்கிற நான்கு இலக்கத்தை ஒருநாள் குனிந்து பார்த்தேன்: 1815. 2015ஆம் வருடத்துப் பதினெட்டாவது வாரம் செய்த டயர். நகத்தை வைத்து அழுத்தினால் நகம்தான் மடங்குகிறது. காற்று எப்போது பார்த்தார் என்று கேட்டால் "சர்வீஸில் பார்ப்பார்கள்" என்கிறார். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. 2014இல் எங்கள் கிணற்று மோட்டாரை "ஒரு வாரத்துக்கு" என்று வாங்கிக்கொண்டு போனவர், அதைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. சரி, விடுங்கள்.

உங்களுக்கு இப்போது என்ன வேண்டும்? டிராக்குக்கு வருடத்தில் இரண்டு நாள் போகிறவர் என்றால் 200 எண் டயரைத் தனி ரிம்மில் வைத்துக்கொள்ளுங்கள். தினசரிக்கு 300 சொச்சம் உள்ள, சுற்றளவு நெடுக அகலமான பள்ளம் ஓடுகிற ஸ்போர்ட்ஸ் டயர் நான்கும் ஒரே வகையாக. அமெரிக்கக் குறியீட்டில் "ஏஏ" இருக்கிறதே என்று கடைக்காரர் காட்டுவார். அது நனைத்த தரையில் நேர்கோட்டில் பிரேக் பிடித்துப் பார்த்த மதிப்பு. வளைவும் அதில் இல்லை, மிதப்பும் இல்லை. ஐரோப்பிய லேபிளில் ஈரப்பிடிப்புக்கு "ஏ" என்றாலும் அதுவும் ஈரத்தரை பிரேக்தான். கண்ணால் பள்ளத்தைப் பாருங்கள், விரலை விட்டுப் பாருங்கள்.

என் காரில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. செட்டிபாளையத்தில் அந்த இரண்டு வினாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மூன்று சுற்றுக்குப் பிறகு டயர் குழைகிறது, எரிச்சலாகத்தான் இருக்கிறது. போன ஞாயிறு அளந்தேன்: முன்னால் 5.8, பின்னால் 6.2. வரும் ஜூனில் திருச்சூரில் இன்னொரு திருமணம். மச்சான் தான் ரயிலில் வருவதாகச் சொல்லிவிட்டார். மோட்டாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.