யூதர்கள் ஏன் பேசுகிறார்கள்? – கடிதம்

வணக்கம் ஐயா,

அமெரிக்காவில் முஸ்லிம் வெறுப்பு வளர்வது பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அதை எதிர்ப்பவர்களில் யூதர்களும் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். காசாவில் நடப்பதைப் பார்த்த பிறகு என்னால் இதை நம்ப முடியவில்லை. நல்ல பெயர் வாங்கச் செய்யும் வேலைதானே இது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காசாவைப் பற்றிய உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் இஸ்ரேல் அரசின் செயலுக்கு அமெரிக்க யூதர் ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும் என்றால், எங்கோ குண்டு வெடிக்கும்போது நம் தெருவில் இருக்கும் முஸ்லிமை முறைப்பவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

2018 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 'ட்ரீ ஆஃப் லைஃப்' என்ற யூத ஜெப ஆலயத்துக்குள் புகுந்து ஒருவன் 11 பேரைச் சுட்டுக் கொன்றான். யூதர்கள்தான் முஸ்லிம்களை நாட்டுக்குள் கொண்டுவருகிறார்கள் என்று இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தவன் அவன். ஹையாஸ் என்ற யூத அமைப்பின் மீது அவனுக்குத் தனி வெறி. ரஷ்யாவின் யூத எதிர்ப்புக் கலவரங்களிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு உதவ 1881இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட அமைப்பு அது. இன்று எந்த மதத்து அகதிக்கும் உதவுகிறது. அகதிகள் யூதர்கள் என்பதால் அன்று உதவினோம், நாங்கள் யூதர்கள் என்பதால் இன்று உதவுகிறோம் என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். 2017இல் ஏழு முஸ்லிம் நாடுகளைச் சேர்ந்தவர்கள் அமெரிக்காவுக்குள் நுழைய டிரம்ப் தடை விதித்தபோது நீதிமன்றம் போனவர்களில் ஹையாஸும் ஒன்று. 1939இல் 900க்கும் மேற்பட்ட யூத அகதிகளோடு வந்த செயின்ட் லூயிஸ் கப்பலை அமெரிக்கா கரையேற விடவில்லை. திரும்பிப் போனவர்களில் 254 பேர் நாஜிகளின் இனப்படுகொலையில் மாண்டார்கள். அகதிகளுக்குக் கதவடைப்பது என்றால் என்ன என்று அந்தச் சமூகத்துக்குத் தெரியும்.

அதனால் இதை வெறும் பெருந்தன்மை என்றுகூட நான் சொல்ல மாட்டேன். 'வந்தேறிகள் நம் இடத்தைப் பிடிக்கிறார்கள்' என்ற அதே கதையை நம்பியவன்தான் 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றான். வெறுப்பவன் யூதர், முஸ்லிம் இரண்டு பேரையும் ஒரே பட்டியலில்தான் வைத்திருக்கிறான். பிட்ஸ்பர்க் குடும்பங்களுக்காக அமெரிக்க முஸ்லிம்கள் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். கிறைஸ்ட்சர்ச்சுக்காகப் பிட்ஸ்பர்க் யூதர்கள் பணம் திரட்டினார்கள்.

சரி, எல்லா யூத அமைப்பும் அப்படியா? இல்லை. நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இஸ்லாமிய மையம் கட்டும் திட்டம் 2010இல் வந்தபோது, மதவெறுப்பை எதிர்க்கவே உருவான ஆன்டி டிஃபமேஷன் லீக் அதை எதிர்த்தது. அந்த நிலைப்பாடு தவறு என்று அதன் தலைவர் மன்னிப்புக் கேட்டது 2021இல். மிகவும் தாமதம்தான். அங்கே உங்கள் சந்தேகம் நியாயம். ஆனால் 2017 ஜனவரியில் டெக்சாஸின் விக்டோரியா என்ற நகரில் மசூதி எரிந்தபோது, தங்கள் ஜெப ஆலயத்திலேயே தொழுங்கள் என்று சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்த யூதர்களும் இருக்கிறார்கள். அவர்களை நடிப்பவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.