சூரியப் புள்ளி கூடினா டர்பனுக்கு வெள்ளம் வருமா?

கேள்வி: எங்க தாத்தா டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்துல வேலை பாத்தவரு. சூரியன்ல 11 வருஷத்துக்கு ஒருக்கா கரும்புள்ளி கூடும், அப்ப மழையும் வெயிலும் தாறுமாறாப் போகும்னு சொல்லுவாரு. 2022 வெள்ளத்துல எங்க மதில் சாஞ்சிருச்சு, இப்ப வெயிலும் தாங்கல. எல்லாத்துக்கும் அந்தப் புள்ளிதான் காரணமா ஐயா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தாத்தா சொன்ன 11 வருஷக் கணக்கு சரிதாம்மா. ஷ்வாபேன்னு ஒரு ஜெர்மன்காரர் வருஷக்கணக்கா சூரியனைப் பாத்துப் புள்ளிய எண்ணி, அது கூடிக் குறையுதுன்னு 1843லயே சொல்லிட்டாரு. இப்ப கடைசியா 2024ல உச்சத்துக்கு வந்துச்சு.

ஆனா புள்ளின்னா சூடான இடம்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, அது தப்பு. அங்க காந்தப்புலம் ரொம்ப பலமா இருந்து உள்ளேருந்து வர்ற சூட்டத் தடுக்குது, அதனால சுத்தி இருக்கற இடத்தவிட அங்க சூடு கம்மி, அதான் கருப்பாத் தெரியுது. அப்ப புள்ளி கூடினா சூரியன் மங்கணும்ல? மங்காது, ஏன்னா கூடவே பளிச்சுனு வெளிச்சத் திட்டுங்களும் வருது, அது மிஞ்சிடும், மொத்தத்துல வெளிச்சம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். அந்தக் கொஞ்சம் எவ்ளோன்னா, சதுர மீட்டருக்கு 1361 வாட் வர்ற இடத்துல சுமார் 1 வாட். பூமியோட சராசரி சூட்டுல 0.1 டிகிரி மாதிரி ஏறும், எறங்கும்.

பூமி ஏற்கனவே 1 டிகிரிக்கு மேல சூடாயிருச்சேம்மா! 1978லேருந்து சாட்டிலைட் வச்சு அளக்கறாங்க, சூரிய வெளிச்சம் ஏறிட்டே போகல, பூமி சூடு மட்டும் ஏறுது. இன்னொண்ணும் பாருங்க, சூரியன்தான் காரணம்னா மேல ஸ்ட்ராட்டோஸ்பியர்னு இருக்கற காத்து அடுக்கும் சூடாகணும், ஆனா கீழ சூடாக சூடாக அது குளிர்ந்துட்டு வருது. நாம எரிக்கிற நிலக்கரி, பெட்ரோல்லேருந்து வர்ற கார்பன் டை ஆக்சைடு பண்ற வேலை அப்படித்தான் இருக்கும்.

வெள்ளக் கணக்கையும் பாத்துருவோம். 1987 செப்டம்பர்ல டர்பன் இருக்கற நேட்டால் மாகாணத்துல வந்த வெள்ளம், 2019 ஏப்ரல் டர்பன் வெள்ளம், ரெண்டும் புள்ளி கம்மியா இருந்த சமயம். 400 பேருக்கு மேல பறிகொடுத்த 2022 ஏப்ரல்ல புள்ளி ஏறிட்டு இருந்துச்சு, உச்சத்துக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல பாக்கி. எங்க பொருந்துது? பூமி சூடானதால அந்த மாதிரி மழை வர்ற வாய்ப்பு ஏறக்கொறைய ரெட்டிப்பாயிருச்சுன்னுதான் ஆராய்ச்சி பண்ணவங்க சொன்னாங்க.

சாட்ஸ்வொர்த்ல நெறைய வீடு சரிவுலதான் இருக்கு, அதனால மதில மறுபடி கட்டறப்ப, பின்னாடி தேங்குற தண்ணி வடியறதுக்கு அடியில ஓட்டை விட்டுக் கட்டச் சொல்லுங்கம்மா.