டெலஸ்கோப் வாங்கணுமா, வானியல் கிளப்ல சேரணுமா?

வேளச்சேரில இருந்து ஒரு அம்மா கேக்குறாங்க: "பத்தாவது படிக்கிற பொண்ணு, மொட்டை மாடில கார்த்திகை நட்சத்திரத்த பாத்துட்டு இதுங்க மட்டும் ஏன் கூட்டமா இருக்குன்னு கேட்டுட்டே இருக்கா, ஆன்லைன்ல 15,000 ரூபாய்க்கு ஒரு டெலஸ்கோப் இருக்கு, வாங்கலாமா?"

இப்போதைக்கு வேணாங்க. கார்த்திகை கூட்டம் நிலாவ விட அகலமா விரிஞ்சு கெடக்கு, டெலஸ்கோப்ல பெருசாக்கினா பாதி வெளிய போயிடும். 10x50 பைனாகுலர் (10 மடங்கு பெருசாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ.) போதும், மொத்தமும் உள்ள வரும்.

பொண்ணு கேட்டது நல்ல கேள்வி. விண்வெளில ஹைட்ரஜனும் தூசியும் கலந்த பெரிய பெரிய மேகங்க இருக்கு, உள்ள மைனஸ் 260 டிகிரி குளிர். அந்தக் குளிர்ல வாயுவுக்கு எதிர்த்து நிக்க அழுத்தம் பத்தாது, அடர்த்தியான எடத்துல ஈர்ப்பு விசை ஜெயிச்சு மேகம் உள்பக்கமா சரிஞ்சு துண்டு துண்டா உடைஞ்சு, ஒவ்வொரு துண்டும் ஒரு நட்சத்திரமோ ஜோடியோ ஆகுது, அதான் கூட்டமா பொறக்குதுங்க. அதுல ரொம்ப சூடான சிலது மிச்ச வாயுவ ஊதித் தள்ளிடும். வாயு போச்சுன்னா புடிச்சு வெச்சிருந்த ஈர்ப்பும் போச்சு, நெறைய கூட்டம் அப்பவே செதற ஆரம்பிச்சிடும்.

இதெல்லாம் ஜனவரில ராத்திரி 8 மணிக்கு ஒரே வானத்துல பாக்கலாம். ஓரியன்ங்கற நட்சத்திர மண்டலத்துல வரிசையா இருக்கற மூணு நட்சத்திரத்துக்குக் கீழ மங்கலா ஒரு திட்டு தெரியும், அங்க 1,300 ஒளியாண்டு தூரத்துல இப்பவும் பிரசவம் நடந்துட்டிருக்கு. கார்த்திகைக்கு வயசு சுமார் 10 கோடி வருஷம். ரோகிணி பக்கத்துல 'வி' மாதிரி இருக்கற கூட்டத்துக்கு 60 கோடிக்கு மேல, அது மெல்ல கலைஞ்சிட்டிருக்கு (ரோகிணி அந்தக் கூட்டத்து ஆளே இல்ல, நமக்கும் அதுக்கும் நடுவுல வந்து நிக்குது). போட்டோல கார்த்திகைய சுத்தி நீலமா தெரியுதே, அது பொறந்த மேகம்னு நெறைய பேர் சொல்லுவாங்க, இல்லீங்க, அது வழில குறுக்க வந்த வேற தூசி.

கிளப்புக்கு கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துல விசாரிங்க. கிளப்ல சேந்தா நாலு விதமான டெலஸ்கோப்ல கண்ண வெச்சுப் பாக்கலாம், எது ஒத்து வரும்னு அப்பதான் புரியும், பழச கொறஞ்ச வெலைக்கு தர்றவங்களும் இருப்பாங்க. சிட்டி வெளிச்சத்த விட்டு வெளிய போற டிரிப் இருந்தா விடாதீங்க, காவலூர் வானாய்வகம் இருக்கற ஜவ்வாது மலைப் பக்கம்னா இன்னும் நல்லது. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, அப்போ ஒண்ணும் எதிர்பாக்காதீங்க.

மே மாசம் கிளப் ஆளுங்ககிட்ட ஒமேகா சென்டாரி காட்டச் சொல்லுங்க, தெக்கால தாழ இருக்கும், சுமார் 1 கோடி நட்சத்திரம் உள்ள கூட்டம். அதுக்கு மட்டும் பெரிய டெலஸ்கோப்தான் சரி. பாத்துட்டு வந்தும் பொண்ணு கேட்டா அந்த 15,000-த்த பத்தி அப்புறம் யோசிங்க.