கெட்டவ ஜெயிச்சா படம் கெட்டதா?

கேள்வி: புது டைரக்டரோட கிரைம் படம் ஒண்ணு பார்த்தேன். ஒருத்தர்கூட நல்லவர் இல்ல, தப்பு பண்ணவங்க கடைசில தப்பிச்சும் போயிடுறாங்க. விமர்சனம் எழுத உக்காந்தா ரெண்டு நாளா ஒரு வரி ஓடல. எப்படிங்க எழுதுறது?

பதில்: மொதல்ல ‘படம் என்ன மெசேஜ் சொல்லுது’ங்கிற கேள்விய பரண்ல தூக்கிப் போடுங்க. ஒருத்தன் தப்பு பண்றத காட்டுறது வேற, அந்தத் தப்புக்கு படமே விசிலடிக்கிறது வேற. வெட்டுப்பட்டு விழுந்தவன் மூஞ்சில கேமரா எவ்ளோ நேரம் நிக்குது, இல்ல வெட்டுனவன் ஸ்லோமோஷன்ல நடக்குறப்ப அவன் பின்னாடியே ஓடிடுதா, பின்னணி இசை யாருக்காக வாசிக்குது, இதப் பாத்தாலே பாதி விமர்சனம் வந்துரும்.

‘ஆரண்ய காண்டம்’ எடுத்துக்குங்க. 2011ல வந்துச்சு, தியாகராஜன் குமாரராஜாவுக்கு மொதப் படம். (இன்னும் பாக்காதவங்க இந்தப் பத்திய தாண்டிடுங்க.) எல்லாரும் ‘சப்பை’னு எளக்காரமா கூப்பிடுற பையன், வயசான தாதாகிட்ட மாட்டிக்கிட்டு கெடக்குற பொண்ணு சுப்பு, ரெண்டும் பாவப்பட்ட ஜீவன்னு நாம உருகிட்டிருக்கும்போதே கடைசில சுப்பு அவனையும் சுட்டுட்டு பணத்தோட கெளம்பிடுவா. எனக்கு அவ மேல கோவமே வரல, அதுதான் உறுத்துச்சு. ஏன் வரலன்னு திரும்பி யோசிச்சா, அந்தத் தாதாகிட்ட அவ படுற பாட்ட படம் ஆரம்பத்துலயே காட்டிருது, அப்பவே நாம அவ பக்கம் சாஞ்சாச்சு. நீங்க எங்க சாஞ்சீங்கன்னு தேடிப் பாருங்க, அதுதான் உங்க மொத வரி.

கேள்வி: மொதப் படம்தானேன்னு கொஞ்சம் விட்டுக்குடுத்து எழுதலாமா?

பதில்: வேணாம். அவங்களுக்கே அது பிடிக்காது. ஆனா புதுசா வர்றவங்களுக்கு ஒரு வியாதி உண்டு, பத்து வருஷமா சேத்துவெச்ச யோசனை பூரா ஒரே படத்துல கொட்டிடுவாங்க, அது எந்த சீன்ல பிதுங்குதுன்னு குறிச்சு சொல்லுங்க. பாராட்டு திட்டு ரெண்டையும் டைரக்டர் தலையிலயே கட்டாதீங்க. மேல சொன்ன படத்துக்கு சிறந்த அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது மட்டுமில்ல, எடிட்டிங்குக்கும் கெடச்சுது, பிரவீன் – ஸ்ரீகாந்த் ஜோடிக்கு.

கேள்வி: சென்சார்ல வெட்டுனத எப்படி கணக்குல எடுக்கிறது?

பதில்: நல்லா கேட்டீங்க. ‘ஆரண்ய காண்டம்’ படத்துக்கே 52 வெட்டு சொன்னாங்க, சென்சார் முடிவ எதிர்த்து முறையிடுற டிரிபியூனல் வரைக்கும் போய் மல்லுக்கட்டுனாங்க. அந்த டிரிபியூனலையும் 2021ல கலைச்சாச்சு, இப்ப ஐகோர்ட்டுக்குத்தான் போகணும், மொதப் படம் எடுக்குறவன்கிட்ட அதுக்கு காசு ஏது? அதனால ஒரு சீன் டக்குனு தாவுனா எடிட்டர திட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க.