ரெவிட் ஆட்-இன்ல பாராமீட்டரை பேரை வெச்சு தேடுறது சரியா?

கேள்வி: கடலூர்ல ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸுக்கு, கட்டட டிசைன் சாஃப்ட்வேரான ரெவிட்டுக்கு ஆட்-இன் (அதோட சேத்து ஓடற குட்டி ப்ரோகிராம்) எழுதுறேன். கதவு ஜன்னல் விவரத்தை (அதத்தான் பாராமீட்டர்னு சொல்றாங்க) லுக்கப்பாராமீட்டர்ங்கற ஃபங்ஷன்ல பேரு குடுத்து எடுக்குறேன். என் மெஷின்ல ஓடுது, அவங்க பாண்டி பிராஞ்ச்ல போட்டா நல் (null, அதாவது ஒண்ணும் கெடைக்கல) வருது. ஏன்?

பாண்டி பிராஞ்ச்னு சொன்னதுமே எனக்கு சந்தேகம் வந்துடுச்சு. அங்க ரெவிட் எந்த பாஷைல ஓடுதுன்னு மொதல்ல பாருங்க. ஃபிரான்ஸ் கிளையண்ட்டுக்கு டிராயிங் போடுற ஆபீஸ்ல ஷார்ட்கட்டோட பிராப்பர்ட்டீஸ தொறந்தா கடைசில லாங்குவேஜ் எஃப்ஆர்ஏ-ன்னு இருக்கும், உங்களோடதுல ஈஎன்யூ இருக்கும், அவ்ளோதான் வித்தியாசம். ரெவிட்டோட சொந்த பாராமீட்டர் பேரெல்லாம் அந்த பாஷைக்கு தகுந்த மாதிரி மாறிடும். நீங்க கமென்ட்ஸ்னு தேடுவீங்க, அங்க அது கொமாந்தேர்னு உக்காந்திருக்கும், ஏரியா சுர்ஃபாஸ் ஆயிருக்கும், லெவல் நிவோ ஆயிருக்கும். எழுத்துக்கு எழுத்து பொருந்தலன்னா நல்தான், கேபிடல் ஸ்மால் மாறினாகூட கெடைக்காது.

இதுக்கு ரெண்டு பாஷை பேரையும் இஃப் எல்ஸ்ல போட்டு சமாளிக்கறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அந்த வேலை மட்டும் வேணாம், நாளைக்கு ஒரு ஜெர்மன் ப்ராஜெக்ட் வந்தா மறுபடி மொதல்லேர்ந்து. ரெவிட்டோட சொந்த பாராமீட்டருக்கெல்லாம் பில்ட்இன்பாராமீட்டர்னு ஒரு ஈனம் (enum, கோடுல மாறாத பேருங்களோட பட்டியல்) இருக்கு, கமென்ட்ஸுக்கு ஆல் மாடல் இன்ஸ்டன்ஸ் கமென்ட்ஸ், மார்க்குக்கு ஆல் மாடல் மார்க், இப்படி. கெட் பாராமீட்டர்ல அதக் குடுத்தா எந்த பாஷையா இருந்தாலும் வரும். எந்த ஈனம்னு தெரியலன்னா ரெவிட்லுக்கப்னு ஒரு ஃப்ரீ டூல் இருக்கு, கதவ செலக்ட் பண்ணி ஸ்னூப் குடுத்தா உள்ள இருக்கறதெல்லாம் கொட்டிடும். ஆட்-இன் எழுதறவங்க மெஷின்ல அது இல்லாம இருக்கவே கூடாது.

பாஷை பிரச்சினை இல்லன்னு வெச்சுக்குவோம், அப்பவும் கதவோட அகலம் நல் வருதுன்னா நீங்க தப்பான எடத்துல தேடுறீங்க. அகலம் பெரும்பாலும் டைப் பாராமீட்டர், அதாவது அந்த வகைக் கதவுக்கெல்லாம் பொதுவானது, செவுத்துல நிக்கிற அந்த ஒரு கதவுக்கிட்ட கேட்டா அதுக்குத் தெரியாது, அதோட சிம்பல்கிட்ட (அந்தக் கதவு வகைகிட்ட) கேக்கணும். ஆனா சில ஃபேமிலில (கதவு, ஜன்னலோட மாடல் ஃபைல்) அதையே இன்ஸ்டன்ஸா (ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா) வெச்சிருப்பாங்க, பாண்டி பழைய வீடு மாதிரி ஜன்னல் ஒண்ணொண்ணும் ஒரு அளவுல இருக்கற ரெனோவேஷன் வேலைல இது சகஜம். அதனால இன்ஸ்டன்ஸ்ல பாத்துட்டு இல்லன்னா சிம்பல்ல பாருங்க. கெடைச்ச நம்பர் 900 இல்லாம 2.9528-ன்னு வந்தா பயப்படாதீங்க, ரெவிட் உள்ளுக்குள்ள நீளத்தை ஃபீட்லதான் வெச்சிருக்கு, யூனிட்யூட்டில்ஸ வெச்சு மாத்திக்கலாம்.

நல் வந்தாகூட பரவால்ல, ஏதோ தப்புன்னு தெரியுது. மோசமானது தப்பான பாராமீட்டர் கெடைக்கிறது. ஒரே எலிமென்ட்ல ஒரே பேருல ரெண்டு பாராமீட்டர் இருக்க ரெவிட் அனுமதிக்கும். ஃபயர் ரேட்டிங் (கதவு தீய எவ்ளோ நேரம் தாங்கும்) எடுத்துக்குங்க. ரெவிட்டே ஒண்ணு வெச்சிருக்கு, வெளி கன்சல்டன்ட் அனுப்புன கதவு ஃபேமிலில அவங்க ஷேர்டு பாராமீட்டரா (ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல வெச்சு பல ப்ராஜெக்ட்டுக்கு பொதுவா எடுத்துக்கறது) அதே பேருல இன்னொண்ணு போட்டிருப்பாங்க. லுக்கப்பாராமீட்டர் மொதல்ல கண்ணுல பட்டத தூக்கிக் குடுத்துட்டு போயிடும், எது மொதல்ல படும்னு நம்மால சொல்ல முடியாது. உங்க ஆட்-இன் 60 நிமிஷம்னு ஒண்ணுல எழுதும், ஷெட்யூல் (ரெவிட் போடற அட்டவணை) இன்னொண்ண காட்டும், கட்டம் காலியா கெடக்கும், எரரும் வராது. பழைய வெர்ஷன்ல கெட் பாராமீட்டர்லயே பேர குடுக்கலாம், இந்த குழப்பத்தாலதான் 2015 வெர்ஷன்ல அத ஓரங்கட்டிட்டு லுக்கப்பாராமீட்டர், கெட்பாராமீட்டர்ஸ்னு ரெண்டா பிரிச்சாங்க. ரெண்டாவது அந்தப் பேருல இருக்கற எல்லாத்தையும் லிஸ்ட்டா குடுக்கும். கவுண்ட் ஒண்ணுக்கு மேல இருந்தா யூசருக்கு மெசேஜ் காட்டி நிறுத்திடுங்க, நீங்களா ஒண்ண எடுத்துக்காதீங்க.

ஷேர்டு பாராமீட்டர்னா அதுக்கு ஜியூஐடி (GUID, வேற எதுக்கும் வராத தனி அடையாள எண்) உண்டு, அதையே வெச்சு எடுங்க. இதுலயும் ஒரு கூத்து நடக்கும். கடலூர் ஆபீஸ் ஒரு ஷேர்டு பாராமீட்டர் ஃபைல், பாண்டி ஆபீஸ் தனியா ஒரு ஃபைல் உருவாக்கி அதே பேர டைப் பண்ணியிருப்பாங்க, பேரு ஒண்ணு ஜியூஐடி வேற, ரெவிட்டுக்கு அது ரெண்டும் சம்பந்தமே இல்லாத ரெண்டு ஆளு. கோடு எழுதறதுக்கு முன்னாடி அந்த டெக்ஸ்ட் ஃபைல் ரெண்டு ஆபீஸுக்கும் ஒண்ணுதானான்னு கேட்டு வாங்கிடுங்க.

அப்ப பேரே வேணாமான்னா, ப்ராஜெக்ட்ல யூசர் தானா உண்டாக்குன சாதா ப்ராஜெக்ட் பாராமீட்டருக்கு வேற வழி இல்ல, ஜியூஐடி கெடையாது, பேருதான். நல்லவேளை, அந்தப் பேரு பாஷை மாத்துனாலும் மாறாது. அத கோடுக்குள்ள எழுதாம செட்டிங்ஸ்ல விடுங்க. எக்செல்லேர்ந்து காப்பி பண்ணி ஒட்டுவாங்க, ஃபிரெஞ்சு பேருல வர்ற வளைஞ்ச அப்பாஸ்ட்ரஃபி நேர் அப்பாஸ்ட்ரஃபிகூட பொருந்தாது, அதையும் கவனிங்க.

ரெவிட் மாதிரியே இன்னொரு சாஃப்ட்வேரான ஆர்க்கிகேடுக்கும் ஆட்-ஆன் எழுதுற ஐடியா இருந்தா அங்க கதை தலைகீழ். லேயர், லைன் டைப் மாதிரி அட்ரிப்யூட்டுக்கெல்லாம் இன்டெக்ஸ் நம்பர் இருக்கு, ஆனா ஒரு ஃபைல்ல 14-ஆ இருக்கற லேயர் இன்னொரு ஃபைல்ல 31-ஆ இருக்கலாம், அதனால இன்டெக்ஸ சேமிச்சு வெச்சு பிரயோஜனம் இல்ல. அட்ரிப்யூட் ஹெட்டர (விவரம் போடற ஸ்ட்ரக்சர்) மொதல்ல ஜீரோவாக்கி, டைப்பையும் பேரையும் போட்டு அட்ரிப்யூட் சர்ச் கூப்புட்டா அந்த ஃபைலுக்கான இன்டெக்ஸ நிரப்பிக் குடுக்கும். திரும்பி வர்ற எரர் கோட மட்டும் பாக்காம விட்றாதீங்க, ஏன்னா பேரு கெடைக்காதப்பவும் இன்டெக்ஸ்ல ஜீரோ இருக்கும், அத அப்படியே சுவத்துக்கு லேயரா குடுத்துடுவீங்க.