குழந்தை பிறந்து இரண்டு மாதத்தில் மெடிக்கெய்டு நின்றுவிடுமா?

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன், அமெரிக்கக் குடியுரிமை உண்டு. மெடிக்கெய்டில்தான் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிரசவம் நடந்தது. குழந்தைக்கு ஏழு வாரம். இரண்டு மாதத்தோடு என் காப்பீடு நின்றுவிடும் என்று தெரிந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். அடுத்த மாதம் வேலைக்குப் போனால் வருமானமும் கூடும். என்ன செய்வது?

பதில்: பயப்படாதீர்கள், அவர்கள் சொல்வது பழைய கதை. முன்பு பிரசவத்துக்குப் பிறகு 60 நாள்தான். அதை 12 மாதமாக நீட்டிக்க 2021-ல் வந்த மத்திய அரசுச் சட்டம் மாநிலங்களுக்கு வழிவிட்டது, கிட்டத்தட்ட எல்லா மாநிலங்களும் நீட்டித்தும்விட்டன. டெக்சஸில் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இடையில் சம்பளம் கூடியது என்பதற்காக நிறுத்த முடியாது. கரு கலைந்துபோனவர்களுக்கும் இதே 12 மாதம் உண்டு, பலருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது.

அந்த 60 நாள் கணக்கை யார் போட்டார்களோ, பிள்ளை பெற்றவள் உடம்பை நினைத்துப் போட்டதாகத் தெரியவில்லை. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்கு அது போய்விட்டதா என்று பார்க்கும் பரிசோதனையே 4 முதல் 12 வாரத்துக்குள்தான். பரிசோதனைக்கு நாள் வாங்குவதற்குள் காப்பீடு முடிந்துபோனால் என்ன பயன்? இதயத் தசை பலவீனமாகும் ஒரு நோய் பிரசவமாகி ஐந்து மாதம் வரைகூட வரலாம், மனச்சோர்வு முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். அமெரிக்காவில் கர்ப்பம் தொடர்பான மரணங்களில் பாதிக்கு மேல் பிரசவமாகி ஒரு வாரத்துக்கும் ஒரு வருடத்துக்கும் நடுவில்தான் நடக்கின்றன.

அதனால் காப்பீடு இருக்கிறது என்று சும்மா இருக்காதீர்கள். குழந்தையின் தடுப்பூசிக்கு நாள் தவறாமல் போகிற நாம், நம் செக்கப் என்றால் மட்டும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறோம். இந்த வாரமே டாக்டரிடம் நாள் வாங்குங்கள். ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அந்தச் சிகிச்சையும் இதே காப்பீட்டில் அடங்கும்.

அப்புறம், குழந்தை பிறந்த தேதியை மெடிக்கெய்டு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டீர்களா என்று பாருங்கள். வீடு மாறினால் புது முகவரியையும் உடனே கொடுத்துவிடுங்கள், கடிதம் பழைய வீட்டுக்குப் போய்க் கிடந்து காப்பீடு போனவர்கள் உண்டு. குழந்தைக்குத் தனியாக முதல் பிறந்தநாள் வரை மெடிக்கெய்டு உண்டு. உங்களுடையது முடிவதற்கு ஓரிரு மாதம் முன்பே வேலை செய்யும் இடத்தில் காப்பீடு கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள்.